கல்லூரித் திடலிலிருந்து எவியான் ஏரிக்கரைக்கு

"விளையாட்டுப் பிள்ளை" என்று ஒருவரைச் சுட்டும்போது நாம் அவரைப் புகழ்வதில்லை. பொறுப்பு அறியாதவர், வாழ்க்கையின் அருமை உணராதவர் என்பதே அச்சொல்லின் உட்பொருள். படிக்கும் வயதிலே பந்தும் மட்டையுமாகத் திரியும் மகனைக் கண்டு பெருமூச்செறியாத தாய் அரியள். திரிபவள் மகளாயின் பெருமூச்சோடு காரியம் முடிவதில்லை. வீட்டிலே ஒரு வழக்கே நடைபெறும். "விளையாட்டு நாளைக்குச் சோறு போடுமா?" என்னும் வினா அவ்வழக்கிலே தவறாது எழும்.

அவ்வினாவை எள்ளி நகையாட நாம் இங்கு முற்படவில்லை. அது நியாயமான வினாவே. விளையாட்டை நம்பி வீட்டை விட்டுப் புறப்பட்டவர்களுள் வென்றவரின் பெயரையே பத்திரிகைகள் கொட்டை எழுத்திற் பொறிக்கின்றன. வழியில் இளைத்து வீழ்ந்தவர் எத்தனை பேர் என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. ஆகையால், வென்ற ஒருவரின் கதையைச் சொல்ல வரும்போது, அவர் வென்றார் என்பதை மட்டும் சொல்லி அமையாது, எப்படிப் படி ஏறினார், ஒவ்வொரு படியிலும் கால் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுதலே முறையாகும்.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டவர் பிரான்ஸ் தேசத்து மங்கை செலீன் பூத்தியே. 1993 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிறந்தவர். கொல்ப் ஆட்டத்திலே கல்லூரி மாணவியாகப் பெயர் பெற்று, பின்னர் அதனையே தொழிலாகக் கொண்டு, 2023 ஆம் ஆண்டிலே தம் தாய்நாட்டின் தலைசிறந்த பந்தயத்தை வென்றவர்.

அடியைக் குறைப்பவரே வெல்வார்

கொல்ப் ஆட்டத்தை நேரிற் கண்டிராத நேயர்கள் பலர் இருத்தல் கூடும். அவர்களுக்காக அதன் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். பரந்த புல்வெளியொன்றிலே ஒன்றன்பின் ஒன்றாக 18 குழிகள் அமைந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் புறப்படும் இடம் ஒன்றுண்டு. அங்கிருந்து சிறிய வெண்பந்தைத் தடியால் அடித்து, நூற்றுக்கணக்கான யார் தூரத்துக்கு அப்பால் கொடி நாட்டியிருக்கும் குழியிலே விழச் செய்தல் வேண்டும். இடையே மணற்பள்ளங்கள் உண்டு, நீர்நிலைகள் உண்டு, மரங்கள் உண்டு, அனைத்தினும் மேலாகக் காற்று உண்டு.

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது நம் பழமொழி. கொல்ப் திடலில் அப்பழமொழி செல்லாது. அங்கே அடிமேல் அடி அடிப்பவர் தோற்பார். அடியைக் குறைப்பவரே வெல்வார். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் 18 குழிகளையும் முடிக்க இத்தனை அடிகள் போதும் என ஒரு நியமம் உண்டு. அதனைப் "பார்" என்பர். பெரும்பாலும் அது 70 முதல் 72 வரை இருக்கும். பெரிய பந்தயங்கள் நான்கு நாள் நடைபெறுவன. நாளொன்றுக்கு 18 குழிகளாக மொத்தம் 72 குழிகள்.

மற்றோர் இயல்பும் இவ்வாட்டத்துக்கு உண்டு. உதைபந்தாட்டத்திலே எதிராளி குறுக்கே பாய்ந்து பந்தைப் பறிக்கலாம். கொல்ப் ஆட்டத்தில் எவரும் நம் பந்தைத் தொடுவதில்லை. நம் பந்தைக் கெடுப்பவரும் நாமே, காப்பவரும் நாமே. விதி மீறியதை வேறெவரும் காணாதவிடத்தும், ஆடுபவர் தாமே முன்வந்து தண்டனை அடியைத் தம் கணக்கிலே சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இத்தகைய ஆட்டத்திற்குக் கையின் வலிமையினும் மனத்தின் அமைதி பெரிதும் வேண்டப்படுவதில் வியப்பில்லை.

பிரான்சில் ஒரு நீண்ட மரபு

கொல்ப் ஸ்கொட்லாந்தின் ஆட்டம், ஆங்கிலேயரால் உலகெங்கும் பரவியது என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் ஐரோப்பியப் பெருநிலத்திலே முதன்முதல் கொல்ப் கழகம் தோன்றிய இடம் பிரான்சின் தென்மேற்கேயுள்ள போ என்னும் நகரமாகும். அது தோன்றிய ஆண்டு 1856. பியாரிட்ஸ் நகரைச் சேர்ந்த ஆர்னோ மாசி என்பவர் 1907 இல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கிலே நடைபெற்ற பிரித்தானியப் பகிரங்கப் பந்தயத்தை வென்று, பிரித்தானியர் அல்லாதவரும் இவ்வாட்டத்திற் சிறக்கலாம் என்று காட்டினார்.

பெண்களிலோ இம்மரபு இன்னும் ஒளி பொருந்தியது. 1927 இல் பிரித்தானிய மகளிர் அமெச்சூர் பட்டத்தை வென்றவர் சிமோன் தியோன் டி லா ஷோம் என்னும் பிரெஞ்சு மங்கை. அவர் மணந்தவர் டெனிஸ் வீரர் ரெனே லக்கொஸ்த். முதலைச் சின்னம் பொறித்த சட்டைகளை உலகுக்கு அளித்தவரும் அவரே. அவ்விருவரின் புதல்வி கத்தரீன் லக்கொஸ்த், 1967 ஆம் ஆண்டிலே தமது 22 ஆம் வயதில் ஐக்கிய அமெரிக்க மகளிர் பகிரங்கப் பந்தயத்தில் கலந்து, தொழில்முறை வீராங்கனைகள் அனைவரையும் பின்தள்ளி முதலிடம் பெற்றார். ஆயினும் அமெச்சூராக ஆடியமையால் பரிசுப் பணத்தில் ஒரு சதமேனும் பெறும் உரிமை அவருக்கில்லை. அவர் அதன் பின்னரும் தொழில்முறைக்குச் செல்லவில்லை. அப்பந்தயத்தை வென்ற அமெச்சூர் இன்று வரை அவர் ஒருவரே.

பணத்தை நாடாது ஆட்டத்துக்காகவே ஆடுதல் உயர்ந்த குறிக்கோள்தான். ஆனால் அதனைப் பேணுவதற்கு வீட்டிலே வசதி வேண்டும். அவ்வசதி இல்லாத குடும்பத்துப் பெண்ணுக்கு வழி யாது? செலீனின் கதை இங்கேதான் தொடங்குகின்றது.

மொன்றூஜ் நகரத்துச் சிறுமி

செலீனின் பெற்றோர் தாய்லாந்திலிருந்து பிரான்சுக்கு வந்து குடியேறியவர்கள். பாரிஸ் மாநகரின் தெற்கு எல்லையை ஒட்டிய மொன்றூஜ் என்னும் ஊரிலே அவர் வளர்ந்தார். தந்தையோடு கொல்ப் திடலுக்குச் சென்ற சிறுவயதுப் பழக்கமே பிற்காலத் தொழிலுக்கு வித்தாயிற்று. லக்கொஸ்த் குடும்பத்தைப் போல இவருக்குப் பின்னால் புகழ் பெற்ற பெயரோ, பரம்பரையோ இருக்கவில்லை.

ஆண்டுதோறும் கோடைகாலத்திலே பிரான்சின் கிழக்கெல்லையில், லெமான் ஏரியை நோக்கிய மலைச்சரிவிலே, எவியான் என்னும் ஊரில் மகளிர் கொல்ப் பந்தயமொன்று நடைபெறும். போத்தலில் அடைத்த நீரால் உலகெங்கும் பெயர் பெற்ற ஊர் அது. 1994 இல் தொடங்கிய அப்பந்தயத்தை இச்சிறுமி பார்த்து வளர்ந்தார். அங்கே வெல்வதே தம் கனவாக இருந்ததெனப் பிற்காலத்தில் அவர் கூறினார்.

பதினெட்டு வயது நிறைந்ததும் ஒரு முடிவு எடுக்கும் வேளை வந்தது. பிரான்சிலே பல்கலைக்கழகம் படிப்புக்குரிய இடம். விளையாட்டுக்குரிய இடம் கழகமும் சம்மேளனமும். இரண்டும் வெவ்வேறு வாயில்கள். ஒரு வாயிலில் முழுமனத்தோடு நுழைந்தவர் மற்றதை மறத்தல் வேண்டும் என்பதே பொது நிலை. ஐக்கிய அமெரிக்காவிலோ பல்கலைக்கழகங்கள் தமக்கெனத் திடலும் பயிற்சியாளரும் வைத்து, திறமை மிக்க மாணவருக்கு உதவிப்பணமும் அளித்து, படிப்பையும் ஆட்டத்தையும் ஒரே கூரையின் கீழ் நடத்துகின்றன. பல நாட்டு இளம் ஆட்டக்காரர்கள் கடல் கடந்து அங்கே செல்வதற்கு இதுவே காரணம்.

2012 ஆம் ஆண்டிலே செலீன் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தை அடைந்தார். எடுத்துக்கொண்ட பாடம் உளவியல். பிறமொழியிலே விரிவுரை, பிறநாட்டு உணவு, வாரந்தோறும் பரீட்சையும் பந்தயமும். அமெரிக்கக் கல்லூரி விதிகளின்படி, பந்தயக் காலத்திலும் பயிற்சிக்கென மாணவரிடம் வாரத்தில் 20 மணித்தியாலத்துக்கு மேல் கேட்டல் ஆகாது. எஞ்சிய நேரம் நூல்களுக்கு உரியது. விளையாட்டு வீராங்கனையேனும் முதலில் அவர் மாணவி என்பதே அவ்விதியின் கருத்து.

ஐவர் ஆட நால்வர் கணக்கு

தனியொருவர் ஆட்டமாகிய கொல்ப், கல்லூரியிலே குழு ஆட்டமாக மாறுகின்றது. ஒரு கல்லூரிக்காக ஐவர் ஆடுவர். நாள் முடிவில் ஐவரின் அட்டைகளையும் ஒப்பிட்டு, மிகச் சிறந்த நான்கை மட்டும் கூட்டுவர், ஐந்தாவதை விலக்கிவிடுவர்.

இந்த ஏற்பாட்டிலே ஒரு கருணையும் ஒரு கண்டிப்பும் அடங்கியுள்ளன. ஒருத்திக்கு ஒரு நாள் ஆட்டம் முற்றிலும் கெட்டுப்போனாலும், ஏனைய நால்வரும் நன்கு ஆடினால் அவளது அட்டை மறைந்து போகும், குழுவுக்குக் கேடில்லை. அஃது கருணை. ஆனால் அன்று மற்றொருத்தியும் தவறினால், இருவரில் ஒருவரது கெட்ட அட்டை கணக்கிலே ஏறியே தீரும். ஆகவே, "என் ஆட்டம் எப்படியும் பாழாயிற்று" என்று எவரும் இடைவழியில் மனம் தளர்ந்து கைவிடல் இயலாது. கடைசிக் குழியிலே மிச்சப்படுத்தும் ஓரடியும் தோழியரின் பட்டத்தை நிர்ணயிக்கலாம். அஃது கண்டிப்பு.

இது வெறும் தத்துவமன்று. 2014 ஆம் ஆண்டு ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் நடைபெற்ற தேசியக் கல்லூரிப் பந்தயத்தில், டியூக் மகளிர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை வென்று தங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆறாவது தேசியப் பட்டத்தை ஈட்டினர். வென்ற வித்தியாசம் எவ்வளவு? நான்கு நாள், நாளுக்கு நால்வர், ஆக 16 அட்டைகளைக் கூட்டிய பின்னர் இரண்டே இரண்டு அடிகள்! அந்நான்கு நாட்களில் எந்தப் பெண்ணேனும் எந்தக் குழியிலேனும் சலித்து இரண்டடி மிகையாக அடித்திருந்தால் கிண்ணம் கைநழுவியிருக்கும். அவ்வாண்டு அமெரிக்கக் கல்லூரி வீராங்கனைகளுள் தலைசிறந்தவராகப் பயிற்சியாளர் சங்கத்தினர் தெரிந்தெடுத்தது செலீனை.

2015 இல் வட அயர்லாந்தின் போட்ஸ்டியுவட் கடற்கரைத் திடலிலே அவர் பிரித்தானிய மகளிர் அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். 88 ஆண்டுகளுக்கு முன் சிமோன் தியோன் டி லா ஷோம் பெற்ற அதே பட்டம் அது.

இத்தகைய மாணவிக்கு, படிப்பை நடுவிலே விட்டுவிட்டுப் பணம் தரும் பந்தயங்களுக்கு ஓடும் ஆசை எளிதிற் பிறக்கக்கூடும். அவ்வாறு ஓடியவர் பலர். செலீனோ நான்காண்டும் இருந்து, 2016 இல் பட்டம் பெற்ற பின்னரே தொழில்முறை ஆட்டக்காரரானார்.

மறைப்பதற்கு வேறு அட்டை இல்லை

தொழில்முறை என்பது யாது? 1950 ஆம் ஆண்டிலே 13 பெண்கள் ஒன்றுகூடி அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கொல்ப் சங்கத்தை நிறுவினர். எல்.பி.ஜி.ஏ. என்னும் எழுத்துக்களால் இன்று உலகம் அதனை அறியும். ஆண்டு முழுவதும் நாடு விட்டு நாடு சென்று அதன் பந்தயங்களில் ஆடுதலே "சுற்று" எனப்படும். அதில் இடம் பெறுதல் எளிதன்று. அதற்குக் கீழே இளையோருக்கும் இடம் கிட்டாதோருக்கும் உரிய சிறிய சுற்றொன்று உண்டு. அன்று அதற்குச் சிமெட்ரா என்று பெயர். 2022 முதல் எப்சன் சுற்று என வழங்குகின்றது.

அச்சிறிய சுற்றிலே ஒரு பந்தயத்தின் மொத்தப் பரிசே பெரும்பாலும் ஓரிரு இலட்சம் டொலர் அளவில் நிற்பது. அதுவும் பலருக்குப் பகிரப்படுவது. பயணச் செலவு, தங்குமிடம், பை சுமக்கும் துணையாளின் கூலி யாவும் ஆட்டக்காரரையே சாரும். இரண்டாம் நாள் மாலையிலே ஓர் எல்லைக்கோடு இடுவர். அதனை "வெட்டு" என்பர். அக்கோட்டுக்குக் கீழே நின்றவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுதல் வேண்டும். இரண்டு நாள் ஆடியதற்குப் பொதுவாகப் பரிசுப் பணம் ஏதும் இல்லை. செலவு மட்டும் உண்டு. ஓரடி வித்தியாசத்தில் வெட்டுண்டவரின் நிலையும் அதுவே.

கல்லூரியிலே ஒரு கெட்ட நாளைத் தோழியரின் அட்டை மறைத்தது. இங்கே மறைப்பதற்கு வேறு அட்டை இல்லை. பட்டம் பெற்றுப் புறப்பட்ட பெண் முதன்முதல் உணர்வது இத்தனிமையையே. கல்லூரியிற் புகழ் பெற்ற எத்தனையோ பேர் இப்படியிலே நின்றுவிடுகின்றனர். அவர்களுக்குத் திறமை இல்லை என்பதன்று. வாரத்துக்கு வாரம் தனித்து நின்று, தோல்வியை விழுங்கி, மறுவாரம் புதிதாகத் தொடங்குவது எல்லோர்க்கும் இயல்வதன்று.

செலீன் 2017 இல் அச்சுற்றிலே இரண்டு பந்தயங்களை வென்றார். அன்று ஆண்டு முடிவில் பரிசுப் பட்டியலின் முதற் பத்துப் பேருக்கே மேற்சுற்றுக்கான அனுமதி கிடைத்தது. அப்பதின்மருள் அவரும் ஒருவர். 2018 முதல் எல்.பி.ஜி.ஏ. சுற்றிலே அவர் பெயர் இடம் பெற்றது.

தோழியே எதிராளியாக

மறு ஆண்டு, 2019 பெப்ரவரியில், அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கடற்கரையோரத் திடலிலே நடைபெற்ற விக் பகிரங்கப் பந்தயத்தில் முதல் எல்.பி.ஜி.ஏ. வெற்றி கிட்டியது. ஆண்களும் பெண்களும் ஒரே திடலில், ஒரே நாட்களில், சமமான பரிசுத் தொகைக்கு ஆடும் பந்தயம் அது. காற்றுப் பலமாக வீசும் அவ்விடத்திலே இரண்டடி வித்தியாசத்தில் அவர் முதல்வரானார். பந்தை மிகத் தொலைவுக்கு விளாசுவோர் வரிசையில் செலீன் ஒருநாளும் முன்னின்றவரல்லர். குழியை அண்மிய சிறு அடிகளிலும் தவறிழையாத நிதானத்திலுமே அவர் பலம் தங்கியிருந்தது.

அதே ஆண்டு செப்டெம்பரில் ஸ்கொட்லாந்தின் கிளெனீகிள்ஸில் ஐரோப்பிய மகளிரும் அமெரிக்க மகளிரும் மோதும் சொல்ஹைம் கிண்ண ஆட்டம் நடந்தது. ஐரோப்பியக் குழுவுக்குத் தலைவியால் தெரிவுசெய்யப்பட்ட செலீன் நான்கு ஆட்டங்களில் இறங்கி நான்கையும் வென்றார். அவற்றுள் மூன்றில் அவரோடு இணைந்து ஆடியவர் ஆங்கிலேய வீராங்கனை ஜோர்ஜியா ஹோல். ஐரோப்பா அன்று வென்றது ஒரேயொரு புள்ளியால். கல்லூரியிலே கற்ற பாடம், தன் ஆட்டத்தைப் பிறருக்காகக் காத்தல், அங்கே மீண்டும் பயன் தந்தது.

விளையாட்டின் விந்தையைப் பாருங்கள்: 2023 மார்ச் மாதம் அரிசோனாவில் நடந்த பந்தயமொன்றில் இருவர் சமநிலை எய்தி, மேலதிகக் குழியிலே மோத நேர்ந்தது. அவ்விருவர் செலீனும் ஜோர்ஜியா ஹோலுமே! நேற்றுத் தோள்கொடுத்த தோழி இன்று எதிரே நின்றாள். செலீனே வென்றார். தொழில்முறையிலே நட்பு உண்டு. ஆனால் கிண்ணம் ஒருவருக்கே உரியது.

எவியானிலே ஒரு ஞாயிறு

சொந்த மண்ணிலே ஆடுதல் எளிதென நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. எவியான் பந்தயம் 2013 முதல் உலகின் பெரும் பந்தயங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. எந்தப் பிரெஞ்சு மங்கையும் அதனை வென்றதில்லை. ஊராரின் ஆவலும் பத்திரிகைகளின் எதிர்பார்ப்பும் உள்ளூர் வீராங்கனையின் தோளிலே பாரமாக அமர்வன. முந்திய ஆண்டுகளில் செலீன் அங்கே ஆடியபோதெல்லாம் முதற் பத்து இடங்களுக்குள்ளும் வந்தாரில்லை.

2023 ஜூலை 30 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் ஆட்டத்தின் முடிவில் செலீன் மூன்றடி முன்னணியில் இருந்தார். முன்னணியில் இருப்பவருக்கு வரும் இரவு நீண்டது. வெல்ல வேண்டும் என்பதைவிட இழந்துவிடக் கூடாதே என்னும் எண்ணம் வலுப்பெறும். அவ்வெண்ணம் கையைக் கட்டிப்போடும். செலீனோ அன்றும் 68 அடிகளில் ஆட்டத்தை நிறைவு செய்தார். மொத்தம் நியமத்துக்கு 14 அடி குறைவு. முன்னாண்டு வெற்றியாளரான கனடிய வீராங்கனை புரூக் ஹென்டர்சன் ஆறடி பின்தங்கி இரண்டாமிடம் பெற்றார். பரிசு பத்து இலட்சம் டொலர்.

இத்தகைய பெரும் பந்தயமொன்றை வென்ற பிரெஞ்சுப் பெண்கள் இவருக்கு முன் இருவரே: 1967 இல் கத்தரீன் லக்கொஸ்த், 2003 இல் பத்ரீசியா மெனியே லெபூக். முதலாமவர் பரிசைத் தொட முடியாத அமெச்சூர். செலீனோ தம் உழைப்பின் ஊதியத்தை நிமிர்ந்து நின்று பெற்ற தொழிலாளர். 56 ஆண்டுகளில் பெண்களின் விளையாட்டு எத்தனை தூரம் நடந்துள்ளது என்பதற்கு இவ்வொப்பீடே சான்று.

ஊரிலே விருந்துண்டு களைப்பாறுவதற்கும் நேரமில்லை. அடுத்த ஞாயிறன்று ஸ்கொட்லாந்தின் டண்டோனல்ட் கடற்கரைத் திடலிலே ஸ்கொட்டிஷ் பகிரங்கப் பந்தயத்தையும் இரண்டடி வித்தியாசத்தில் வென்றார். ஒக்டோபரில் கோலாலம்பூரிலே தாய்லாந்து வீராங்கனை அத்தயா தித்திகுலோடு சமநிலை எய்தி, ஒன்பது மேலதிகக் குழிகள் ஆடி, அப்பந்தயத்தையும் தமதாக்கினார். பெற்றோர் பிறந்த நாட்டின் மங்கைக்கும் தாம் பிறந்த நாட்டின் மங்கைக்கும் இடையே அன்று நடந்த போர், பொறுமைக்கே ஒரு பரீட்சை. அவ்வோர் ஆண்டிலே மட்டும் நான்கு வெற்றிகள்!

ஏற்றத்துக்கு அடுத்து இறக்கம்

இத்துடன் நிறுத்தினால் கதை இனிக்கும். ஆனால் முழுமை பெறாது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் விழாவின் கொல்ப் ஆட்டம், நகரின் புறத்தேயுள்ள தேசியக் கொல்ப் திடலிலே நடந்தது. தம் மக்கள் சூழ்ந்து ஆரவாரிக்க, செலீன் முதல் நாள் 65 அடிகளில் முடித்து மூன்றடி முன்னணியில் நின்றார். தங்கம் நம்முடையதே என்று பிரான்ஸ் மகிழ்ந்தது. மறுநாளே ஆட்டம் தளர்ந்தது, முன்னணி போயிற்று, முடிவிலே எந்தப் பதக்கமும் அவருக்கு இல்லை. தங்கம் நியூசீலாந்தின் லிடியா கோவுக்குச் சென்றது.

லிடியா கோவின் பாதை வேறு. அவர் 16 வயதிலேயே தொழில்முறைக்கு வந்தவர்; எவியானை 2015 இல் 18 வயதிலே வென்றவர். செலீன் அதே எவியானை வென்றபோது வயது 29. ஆகவே, கல்லூரி வழியே ஒரே வழி என்று நாம் கூறுவதற்கில்லை. சிறுவயதிலேயே சுடர் விடும் மேதைகளுக்கு அவர்களுடைய வழி உண்டு. ஆனால் அத்தகைய மேதை ஆயிரத்தில் ஒருத்தி. ஏனையோருக்கு, நல்ல திறமையும் கடும் உழைப்பும் உடைய, ஆயினும் நாளை என்ன ஆகுமோ என்று அறியாத பிள்ளைகளுக்கு, செலீன் சென்ற வழியே கூடுதலான ஆறுதல் தருவது.

அந்த வழியின் சிறப்பு யாதெனில், ஒவ்வொரு படியும் அடுத்த படி தவறினாலும் தாங்கக்கூடியதாக அமைந்திருந்தமையே. கல்லூரிக் குழுவிலே இடம் கிட்டாமற் போயிருந்தாலும் படிப்பு இருந்தது. 2017 இல் அந்தப் பதின்மருள் ஒருவராக வராமற் போயிருந்தாலும் கையிலே பட்டம் இருந்தது. துணிந்து தாவியவர்தான் அவர். ஆயினும் தாவுமுன் காலூன்ற நிலம் தேடிக்கொண்டார்.

பெற்றோர்களே! "விளையாட்டு நாளைக்குச் சோறு போடுமா?" என்று உங்கள் மகளிடம் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள். ஆனால் அதனைக் கதவை அடைக்கும் சொல்லாகக் கேளாமல், மற்றொரு வினாவையும் உடன் சேர்த்துக் கேளுங்கள்: "போடாவிடின், நீ என்ன செய்வாய்?" அதற்கு அவளிடம் விடை இருக்குமாயின், நீங்களும் அவளும் சேர்ந்து அவ்விடையைத் தேடிக்கொள்வீர்களாயின், முதல் வினாவைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அவள் தடியையோ பந்தையோ எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, வழக்குரைக்காமல் வழியனுப்பி வையுங்கள்.